கேள்வி மாலம்

பைத்தியமெல்லாம் இல்லக்கா. நீங்க தள்ளி உக்கார வேணாம், ஒண்ணும் செய்யமாட்டாரு. அசந்து தூங்குறாரு பாருங்க. டிக்கெட்டுக்காரன் இங்கிலீஷ்ல என்னமோ கேட்டான், இவரு பேந்தப் பேந்த முழிச்சாரு, அதானே பாத்தீங்க? அவன் கேட்டது இவருக்கு வெளங்கல. அவ்வளவுதான்.

ஆமா, வெள்ளைக்காரருதான். அசல் வெள்ளைக்காரரு. வெள்ளைக்காரனுக்கு இங்கிலீஷ் புரியாமப் போகுமான்னு நீங்க யோசிக்கிறது தெரியுது. ஸாரியாவுல ஏறுனதுலேருந்து எல்லாரும் இதையேதான் கேக்குறாங்க. கேக்கட்டும். மிஷன்ல இவருக்கு முதல் வகுப்புதான் போட்டுக் குடுத்தாங்க. மெத்தை வச்ச சீட்டு. கதுனாவுல வண்டி நின்னதும் எறங்கி, ஒரு காலை இழுத்துக்கிட்டு, சுவத்தைப் புடிச்சுப் புடிச்சு, இந்த மூணாம் வகுப்புக்கு வந்து சேந்துட்டாரு. அங்க யாரு கூடப் பேசுறதுன்னு கேட்டாரு. அதுவும் சரிதான்.

இல்லக்கா, கோலாக்கொட்டை வேணாம். காலையிலேருந்து எதுவும் எறங்கல. வச்சிருக்கேன், அப்புறம் தின்னுக்கிறேன்.

நானா? தலாத்துன்னு பேரு. ஊரு கதௌரா. ஸாரியாவுலேருந்து வடக்கால போகணும். இவரு எனக்கு என்ன வேணும்னு கேட்டா என்னத்தச் சொல்ல... உறவுன்னா உறவுதான். எங்கம்மா டெலு, இவரு வீட்டுல சமையல் பாத்தாங்க. நான் பொறந்து கொஞ்ச நாள்லயே இவரு சம்சாரத்துக்கும் பொண்ணு பொறந்துச்சு. அந்தம்மாவுக்கு ஜுரம் வந்து பால் வத்திப்போச்சு. டின்னு பால் வர்றதுக்கு ரயிலா இருந்துச்சு அப்ப? எங்கம்மா ரெண்டு பேரையும் மடியில போட்டுக்கிட்டாங்க. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவ. எஸ்தான்னு பேரு அவளுக்கு. அவங்க வாயில அது ஹெஸ்டரு.

நாங்க இவரை மாலம்னுதான் கூப்பிடுவோம். ஓதிக்குடுக்கிறவங்களை வேற எப்படிக் கூப்பிடுறது. ஊருக்குள்ள கேள்வி மாலம். சிரிக்காதீங்க, அவரு மூஞ்சிக்கு நேராவே அப்படித்தான் கூப்பிடுவாங்க. பள்ளிக்கூடமும் கோயிலும் வைக்கத்தான் வந்தாரு, ஆனா வந்த நாள்லேருந்து நம்ம ஹௌஸா பேச்சைப் பத்தித்தான் கேள்வி. இதுக்கு என்ன பேரு, அதுக்கு என்ன பேரு. ஆடு குட்டி போட்டா என்ன சொல்லுவீங்க, குட்டி செத்துப் பொறந்தா என்ன சொல்லுவீங்க. எங்கம்மா சொல்லுவாங்க, வந்த புதுசுல சந்தையில குழம்புக்குக் கூக்கா வாங்கப் போனாராம். எலைப்பொடி விக்கிற பொம்பளைங்க முன்னாடி குந்திக்கிட்டு, அந்தக் கூக்காவையே ராகம் மாத்திச் சொல்லிப்புட்டு, எனக்கு ஒரு படி அழுகை குடுங்கன்னு கேட்டாராம். அந்தப் பொம்பளைங்க விழுந்து பொரண்டு சிரிச்சிருக்காங்க. ஒருத்தி சொன்னாளாம், எங்க வீட்டுல நெறையக் கெடக்கு, சும்மாவே எடுத்துக்கிட்டுப் போன்னு. இவரு கோவிச்சுக்கல. மறுநாளும் அதே எடத்துல வந்து குந்துனாராம், அந்த ராகம் புடிபடுற வரைக்கும்.

தொண்டைக்குள்ளேருந்து வருமே ஒரு எழுத்து, அதுக்காக எங்கம்மா வாயைத் தொறக்கச் சொல்லி விளக்கு புடிச்சுப் பாத்திருக்காரு. எங்கப்பாவுக்கு அன்னைக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்ல. பொண்டாட்டி வாய்க்குள்ள என்னய்யா தேடுறேன்னு கேட்டாராம். எழுத்தைத் தேடுறேன்னாராம் இவரு. அப்புறம் எங்கப்பா தன் வாயைத் தொறந்து காட்டிட்டு, இனிமே தேடணும்னா இங்க தேடுன்னாராம்.

புஸ்தகமா? போட்டாரு. லண்டன்ல அச்சடிச்சு வந்துச்சு, தலகாணி தண்டிக்கு. நம்ம பேசுற அத்தனை சொல்லும் அதுல இருக்காம். கசாப்புக்கடைக்காரன் ஒருத்தன் கேட்டான், எங்க வாயில இருக்கிறதையே எங்களுக்கு விக்கப்போறியா மாலம்னு. உனக்கு இல்ல, உன் பேரனுக்குன்னாரு. ஏன், என் பேரனுக்கு வாய் இருக்காதான்னான் அவன். இவரு அந்தக் கேள்வியையும் எழுதி வச்சுக்கிட்டாரு.

கோயிலுக்கா? வந்தவங்க கம்மிதான். இவ்வளவு காலத்துல சேந்தவங்களை ஒரு லாரியில ஏத்திடலாம். அதைப்பத்தி மிஷன்லேருந்து கேட்டு எழுதுவாங்க. இவரு அந்தக் கடுதாசியை மடிச்சு வச்சுடுவாரு. ஆனா ரெண்டு பேருக்குள்ள வாய்த்தகராறு வந்து, நீ சொன்னது வசவு, இல்ல நான் சொன்னது வெளையாட்டுன்னு முட்டிக்கிட்டாங்கன்னா, நேரா இவரு வாசலுக்குத்தான் வருவாங்க. காஜியே அனுப்பி வைப்பாரு. இந்தச் சொல்லுக்கு அந்த அர்த்தம் இருக்குது, ஆனா அண்ணன் தம்பிக்குள்ள சொன்னா அது வசவில்லன்னு இவரு சொல்லுவாரு. சரின்னு போயிடுவாங்க.

எஸ்தாவைப் பத்திச் சொன்னேன்ல. அவளுக்கு மொதல் பேச்சே ஹௌஸாதான். வேற எப்படி வரும்? நாள் முழுக்க எங்கம்மா முதுகுலயும் மடியிலயும்தான் கெடப்பா. அவங்கம்மா இங்கிலீஷ்ல கூப்பிட்டா, எங்கம்மா முதுகுக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்குவா. நானும் அவளும் ஒரே கலயத்துலதான் ஃபூரா குடிப்போம். கம்பு உருண்டை அடியில தங்குமே, அதுக்குச் சண்டை. எனக்கு மங்கலா ஞாபகம் இருக்கு. மணல்ல குந்திக்கிட்டு எனக்கு விடுகதை போடுவா, பாதியில விடையையும் அவளே சொல்லிடுவா.

அப்புறம் காய்ச்சல் வந்து வந்து போச்சு. பக்கத்து மிஷன்ல ஒரு வெள்ளைக்காரப் புள்ள செத்துப்போச்சு. அதுக்கப்புறம் அந்தம்மா புள்ளையைக் கூட்டிக்கிட்டுச் சீமைக்குப் போயிட்டாங்க. பள்ளிக்கூடத்துல விட்டுட்டுத் திரும்பி வரேன்னுதான் போனாங்க. வரல. அங்கேயே நோவு கண்டு, கொஞ்ச வருஷத்துல செத்துட்டாங்க.

சேதி வந்த அன்னைக்கு எங்கம்மா அடுப்படியில இருந்தாங்களாம். இவரு வந்து வாசப்படியில நின்னுக்கிட்டு, டெலு, புருஷன் செத்தா பொம்பளை வீட்டுக்குள்ளேயே துக்கம் காக்குறாளே, அதுக்கு ஒரு சொல்லு இருக்கு. பொண்டாட்டி செத்தா ஆம்பளை காக்குற துக்கத்துக்கு என்ன சொல்லுன்னு கேட்டாராம். அதுக்குச் சொல்லு கெடையாது மாலம், ஆம்பளைங்க காக்குறதில்லையேன்னு எங்கம்மா சொல்லியிருக்காங்க. சரின்னு தலையாட்டிட்டு உள்ள போயிட்டாராம். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் எங்கம்மாவுக்கு உறைச்சிருக்கு, இவரு ஏன் இதைக் கேட்டாருன்னு. ஓடிப்போய்ப் பாத்தா மேஜையில உக்காந்து எழுதிக்கிட்டு இருந்தாராம். கல்லு மனசுக்காரன்னு ஊருல பேசுனாங்க. எங்கம்மா அன்னைக்கு ராவுலேருந்து இவருக்குச் சோறு வைக்கிறப்ப பக்கத்துலயே இருந்து, தின்னு முடிக்கிற வரைக்கும் பாத்துட்டுத்தான் எந்திரிப்பாங்க.

சீமைக்குப் போகலையாவா? போனாரு, லீவுக்கு. எஸ்தா அப்ப இம்மாம் ஒசரம் வளந்திருந்தாளாம். ரயிலடிக்கு அத்தைக்காரியோட வந்திருந்தாளாம். இவரு குனிஞ்சு நம்ம பேச்சுல, களைப்பு எப்படி இருக்கு, குளிரு எப்படி இருக்குன்னு கேட்டிருக்காரு, நாம கேப்போமே, அதுமாதிரி. அவ அத்தை மூஞ்சியைப் பாத்தாளாம். அப்புறம் கையை நீட்டி, சௌக்கியமா ஐயான்னு இங்கிலீஷ்ல கேட்டாளாம். சுத்தமா மறந்துபோச்சு அவளுக்கு. சின்னப் புள்ள, கூடப் பேச ஆளில்லன்னா எப்படி நிக்கும். லீவு முடியிறதுக்கு முன்னாலேயே திரும்பி வந்துட்டாரு. எங்கம்மாகிட்ட சொன்னதே இவ்வளவுதான். டெலு, ஒன் பாலு தங்குச்சு, பேச்சு தங்கல.

அப்படியே காலம் போச்சு. எங்கம்மா போனாங்க. எனக்குக் கல்யாணம் ஆச்சு, கட்டுனவரும் போயிட்டாரு. புள்ளைங்க ஆளுக்கொரு பக்கம். நான் மிஷனுக்கே திரும்பி வந்து, எங்கம்மா நின்ன அடுப்படியில நின்னேன். இவருக்கும் வயசாச்சு. ஆனா ஒவ்வொரு அறுப்பு முடிஞ்சதும் குவாரா ஆத்தங்கரை ஊருகளுக்கு ஊழியத்துக்குக் கெளம்பிடுவாரு. பேருதான் ஊழியம். அங்க பரிசல்காரங்க பேச்சுல நம்மகிட்ட இல்லாத சொல்லெல்லாம் இருக்காம். அதைக் கேட்டுக்கிட்டு மணல்ல உக்காந்திருக்கணும் இவருக்கு. ஒருதடவை மீன் கண்ணிகளோட பேரு மட்டுமே ஒரு வாரம் கேட்டாரு. பரிசல்காரங்க கடைசியில இல்லாத பேரெல்லாம் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. இவரும் தெரிஞ்சே சிரிச்சுக்கிட்டு இருந்தாரு.

போன குளிருகாலத்துலதான். தூசிக்காத்து அடிச்சு ஊரே வெளுத்துக் கெடந்துச்சு. கோயில்ல ஆசீர்வாதம் சொல்ல கையைத் தூக்குனாரு, அப்படியே சரிஞ்சுட்டாரு. வலது பக்கம் விழுந்துபோச்சு. கண்ணு முழிக்க ரொம்ப நாளாச்சு. முழிச்சதும் மொதல்ல என்னைப் பாத்துத்தான் தண்ணி கேட்டாரு. நம்ம பேச்சுலதான். எனக்கு ஒண்ணும் வித்தியாசமாத் தெரியல, எப்பவும் என்கிட்ட அப்படித்தானே பேசுவாரு. புதுசா வந்திருக்கிற மிஷன் துரை, சின்ன வயசு, அவரு ஓடிவந்து கையைப் புடிச்சுக்கிட்டு இங்கிலீஷ்ல என்னென்னமோ சொன்னாரு. இவரு மரியாதையாக் கேட்டுக்கிட்டு இருந்துட்டு, என் பக்கம் திரும்பி, இந்தத் தம்பி யாரு வீட்டு விருந்தாளி, வந்தவருக்கு ஏதாச்சும் சாப்பிடக் குடுத்தியான்னாரு.

வெளையாடுறாருன்னுதான் நெனச்சோம். அப்புறம் கானோவுலேருந்து டாக்டர் வந்து பாத்தாரு. மண்டைக்குள்ள ஒரு எடம் அடைச்சுப்போச்சாம். பொறந்த பாஷை அத்தனையும் அந்தப் பக்கம் மாட்டிக்கிச்சு, கத்துக்கிட்ட பாஷை இந்தப் பக்கம் தங்கிடுச்சு. அப்படியும் நடக்குமாம். படிக்கவும் வரல. அவரு எழுதுன புஸ்தகத்தையே கையில குடுத்தேன், தலைகீழாப் புடிச்சுக்கிட்டுத் தடவிக் குடுத்தாரு. மத்தபடி புத்தி தெளிவுதான் அக்கா. யாரு வந்தாங்க, யாருக்கு யாரு வேணும், எந்த வருஷம் மழை பொய்ச்சுது, எல்லாம் சொல்லுவாரு. பைத்தியம்னு மட்டும் யாரும் சொல்லக்கூடாது.

சேதி போயி, எஸ்தா வந்தா. ஏரோப்ளேன்ல வந்தா. ஆமா, பொறந்த மண்ணு, ஆனா எறங்குனப்ப கண்ணுக்குக் கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, எல்லாத்தையும் புதுசாத்தான் பாத்தா. என் வயசுதானே, அவளுக்கும் தலை நரைச்சிருக்கு. டிஸ்பென்சரியில மருந்து குடுக்கிற பித்ருஸு, இங்கிலீஷ் தெரிஞ்சவன், அவனை நடுவுல உக்கார வச்சோம். இவரு மகளைப் பாத்ததும் மொகம் அப்படியே மலந்துபோச்சு. வழிக் களைப்பு எப்படி இருக்கு, வீட்டுல எப்படி இருக்காங்க, குளிரு எப்படி இருக்குன்னு வரிசையாக் கேட்டாரு. பித்ருஸு சொன்னான். அவ தலையாட்டுனா. அப்புறம் அவ பித்ருஸுகிட்ட கேட்டா, என் பேரு என்னன்னு அவருகிட்ட கேளுன்னு.

அக்கா, நீங்களே சொல்லுங்க. தலைப்புள்ள பேரை நாம யாராச்சும் வாயால சொல்லுவோமா? உங்க மூத்த புள்ள பேரு என்னன்னு நான் கேட்டா சொல்லிடுவீங்களா? பாருங்க, கேட்டதுக்கே முக்காட்டை இழுத்துக்கிறீங்க. இவரு மட்டும் எப்படிச் சொல்லுவாரு? அவ பொறந்த அன்னையிலேருந்து இவரு வாயால அந்தப் பேரு வந்ததில்ல. அப்பவே அந்தம்மா கோவிச்சுக்குவாங்களாம், அவங்களுக்கு அது வெளங்காது. இப்ப எல்லாரும் சுத்தி நிக்கிறோம், நடுவுல உக்கார வச்சு மக பேரைச் சொல்லுன்னா? இவரு கீழ குனிஞ்சுக்கிட்டாரு. தரையைப் பாத்துச் சிரிச்சாரு. எந்த அப்பனும் செய்யிறதுதான். அந்த ரூமுல நின்ன அத்தனை பேருக்கும் அது தெரிஞ்சுச்சு. அவளைத் தவிர.

பித்ருஸு சொல்லாம இருப்பானா, எல்லாம் வெவரமாச் சொன்னான். எங்க பக்கத்து மரியாதைம்மா இது, பாசம் இருக்கிறதாலதான் சொல்லலைன்னு. அவ அவன் தோளைத் தட்டிக்குடுத்து, ஒனக்கு நல்ல மனசுன்னா. ஆறுதலுக்குச் சொல்றான்னு நெனச்சுட்டா. எங்கப்பாவுக்கு என்னை அடையாளம் தெரியல, புத்தி போயிடுச்சு, நல்ல ஆஸ்பத்திரியில வச்சுப் பாக்கணும்னு மிஷன் துரைகிட்ட சொல்லிட்டா.

என்கிட்டயா? பேசுனா, பித்ருஸை வச்சு. நாம ஒரே மடியில பால் குடிச்சவங்கன்னு சொன்னேன். தெரியும், அம்மா சொல்லியிருக்காங்கன்னு கையைக் குடுத்தா. கை சில்லுன்னு இருந்துச்சு. கெட்டவ இல்லக்கா. ராவும் பகலும் அவரு கட்டில் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தா. அவரு பேசுவாரு, அவ இங்கிலீஷ்ல என்னமோ சொல்லுவா, ரெண்டு பேரும் அப்படியே இருப்பாங்க. அவ வெளிய போனதும் என்கிட்ட சொல்லுவாரு, நல்லா வளந்திருக்கா தலாத்து, பேசத்தான் மாட்டேங்குறா, அப்பன் முன்னால வெக்கம், அடக்கமான புள்ளன்னு.

நான் பாத்துக்கிறேன், இங்கேயே இருக்கட்டும்னு மிஷன் துரைகிட்ட போய் நின்னேன். நின்னேன் என்ன, தரையில உக்காந்தே கேட்டேன். சொந்த மக கேக்குறப்ப நாம தடுக்க முடியுமா தலாத்துன்னாரு. பாலைக் காட்டி உரிமை கேக்க முடியுமா?

அவ முன்னாலேயே போயிட்டா, அங்க வீட்டை ஒழுங்கு பண்ணணுமாம். கடலைப் பாத்த வீடாம், கீழ்ரூமு, படி ஏற வேண்டியதில்லையாம். இவருக்கு ஏரோப்ளேன் ஆகாதுன்னு டாக்டர் சொன்னதால கப்பல். லாகோஸ்ல கப்பலடியில ஒரு வெள்ளைக்கார நர்ஸம்மா நிப்பாங்க. நல்லவங்களாம். நம்ம பாஷை தெரியுமான்னு கேட்டேன். தெரியாது, ஆனா கைராசிக்காரங்கன்னாங்க. பித்ருஸு ஒரு தாள்ல நாலஞ்சு சொல்லு எழுதிக் குடுத்திருக்கான். தண்ணி, வலி, குளிருது, வெளிக்குப் போகணும். அது போதும்னு மிஷன் துரை சொல்லிட்டாரு. போதும்தான். நோவாளிக்கு வேற என்ன வேணும்.

எனக்கு அழுகை வரலக்கா. நீங்க பாக்குறீங்கன்னு தெரியுது. ஏன் வரலன்னு எனக்கே தெரியல. காலையில எழுந்தேன், அவருக்கு மொகம் தொடச்சேன், சட்டை மாட்டினேன், வீட்டைப் பூட்டினேன். சாவியைக் குடுத்துட்டு வண்டி ஏறிட்டேன். கை தானா வேலை செய்யுது.

நானா? இல்லக்கா. எனக்குத் திரும்பி வர டிக்கெட்டு. கப்பல் வரைக்கும்தான் நான்.

இல்ல, சீமைக்குப் போறது அவருக்குத் தெரியாது.

மகள்காரி போறப்ப அவ பேச்சுல சொல்லிட்டுத்தான் போனா, பித்ருஸு அதைத் திருப்பிச் சொல்லல. மிஷன் துரை என்னைச் சொல்லச் சொன்னாரு. சொல்லலாம்னுதான் போனேன். எங்க தலாத்து போறோம்னு கேட்டாரு. அறுப்பு முடிஞ்சுடுச்சுல்ல மாலம், ஆத்தங்கரை ஊருகளுக்குன்னு சொல்லிட்டேன். வாய்ல அதுதான் வந்துச்சு. அவ்வளவு சந்தோஷம். ராத்திரி பூரா தூங்கல, அதான் இப்ப இந்தத் தூக்கம்.

இப்ப முழிச்சுக்குவாரு. குவாரா ஆத்துப் பாலம் வந்தா சத்தத்துலயே முழிச்சுடுவாரு. முழிச்சதும் பக்கத்துல யாருன்னு பாப்பாரு, ஒடனே உங்க ஊரு எது, உங்க ஊருல இதுக்கு என்ன சொல்லுவாங்கன்னு ஆரம்பிச்சுடுவாரு. எரிச்சல்படாதீங்கக்கா. ஆத்தங்கரைதான் எங்க ஊரு, அங்கதான் நானும் போறேன்னு சொல்லுங்க. கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்லுங்க. தெரியலன்னா ஏதாச்சும் புதுசா ஒரு சொல்லைச் சொல்லி வையுங்க. லாகோஸ் போய்ச் சேருற வரைக்கும்தான் அவருக்குப் பேச்சு.